மூணு விசில் பருப்பு

சாய்ந்தாபுரத்துக்காரர்கள் கயிறு இழுக்கும் போட்டியில் தொடர்ந்து ஒன்பது பொங்கல் தோற்றவர்கள். தோற்பது அவர்களுக்குக் கைவந்த கலை. எந்த இடத்தில் விழுந்தால் முழங்காலில் கல் குத்தாது என்பது வரைக்கும் தெரியும். எதிரணியான நிமிர்ந்தான்குளத்துக்காரர்களும் நல்லவர்கள்தான். விழுந்தவர்களைத் தூக்கிவிட்டு, மண்ணைத் தட்டிவிட்டுத்தான் கோப்பையை எடுத்துக்கொண்டு போவார்கள்.

பத்தாவது வருஷம் மட்டும் தோற்க முடியாதபடி ஒரு சிக்கல் வந்தது. கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கும் பேச்சிமுத்துவுக்கு நிமிர்ந்தான்குளத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பெண் பெயர் சண்முகவடிவு. அவளுக்கு இவனைப் பிடித்திருந்தது. இவனுக்கோ அவளைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. அவளுடைய அப்பா வைகுண்டம்தான் குறுக்கே நின்றார். அவர் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்னமும் கழுத்தில் விசிலோடு நடமாடுகிறவர். வருஷா வருஷம் போட்டிக்கு நடுவரும் அவரேதான்.

“ஒம்பது வருசமா எங்கண்ணு முன்னாலயே விழுந்த பையனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கச் சொல்லுதீய?” என்று கேட்டார். “இந்தப் பொங்கலுக்கு ஒரே ஒரு தடவை கயித்தை உங்க பக்கம் கொண்டுபோய்க் காட்டட்டும். அந்தத் தையிலயே கல்யாணம். இல்லன்னா வேற எடம் பாத்துக்கிட வேண்டியதுதான்.”

அன்று சாயங்காலமே கோமதிநாயகத்தின் பம்புசெட் கொட்டகையில் அணி கூடியது. கோமதிநாயகம்தான் கேப்டன், எதையும் யோசித்துப் பேசுகிறவர். அவருக்கு அடுத்தது சங்கிலி, ஆள் பனைமரம். மீதி இரண்டு பேரும் கருத்துச் சொல்வதில்லை, தலை மட்டும் ஆட்டுவார்கள்.

“நாம தோக்கதுக்கு என்ன காரணம்னு ஒம்பது வருசமா யோசிச்சேன். இப்பதான் பிடிபட்டுச்சு. அவங்க நம்மளவிட பலமா இழுக்காங்க” என்றார் கோமதிநாயகம்.

இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

“அப்பம் மெதுவா இழுக்கச் சொல்லி ஒரு லெட்டர் போடுவமா அண்ணாச்சி?” என்றான் சங்கிலி.

அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். லெட்டரை யார் எழுதுவது என்பதில் முடிவு எட்டாததால், மறுநாள் டவுனுக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். அவர் ஐந்து பேரையும் பார்த்துவிட்டு, “நோய் ஒண்ணுமில்ல. உடம்புல சத்துதான் இல்ல. ஆளுக்குத் தினம் ஒரு கைப்பிடி பருப்பு சாப்பிடுங்க” என்று சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போது பேச்சிமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது. “யார் கைப்பிடின்னு சொல்லலியே அண்ணாச்சி?”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி ஐந்து பேரும் கையை நீட்டி வைத்து ஒப்பிட்டார்கள். சங்கிலியின் கைதான் பெரியது. ஆகவே அளவு சங்கிலி கைப்பிடி என்று முடிவானது. அது முதல் சங்கிலி விடிந்ததும் எழுந்து, தன் கையை எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பருப்பு அளந்து கொடுத்துவிட்டு வந்தான். அவரவர் அதை அப்படியே வாயில் போட்டுக் கடகடவென்று மென்றார்கள். நாலாம் நாள் ஐந்து பேருக்கும் தாடை வீங்கிவிட்டது.

டாக்டரம்மா பொன்னுக்கு வீங்கி என்று பயந்து, விசாரித்த பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். “பருப்பை வேகவைக்கணும்யா.”

“அதை நீங்க சொல்லலியே டாக்டரம்மா” என்றான் பேச்சிமுத்து பணிவாக.

“சாப்பிடும்போது வாயைத் திறக்கணும்னுகூடத்தான் நான் சொல்லல.”

பேச்சிமுத்து அதையும் மறக்காமல் மனதில் குறித்துக்கொண்டான்.

விஷயம் நிமிர்ந்தான்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரே சிரித்தது. சண்முகவடிவு மட்டும் சிரிக்கவில்லை. தன் குக்கரையும் ரெண்டு கிலோ துவரம்பருப்பையும் அப்பாவுக்குத் தெரியாமல் பால் வண்டியில் ஏற்றிவிட்டாள். கூடவே ஒரு கடிதமும் வந்தது. பேச்சிமுத்து அதைக் கொட்டகையில் எழுந்து நின்று வாசித்தான்.

“பருப்பை, தண்ணி தெளியுற வரைக்கும் கழுவணும். கொஞ்சம் மஞ்சத்தூள், ரெண்டு சொட்டு எண்ணெய் போடணும். மூணு விசில் வந்ததும் துணி பிடிச்சு இறக்கிரணும். அடங்க பத்து நிமிசம் ஆகும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது, தொட்டா மூஞ்சி வெந்திரும். ஒரு விசில் கூடிப்போச்சுன்னா குழைஞ்சிரும். பரவாயில்ல, தண்ணி ஊத்தி ரசம் வச்சிரலாம்.”

ஒரு பெண் அவனுக்கு எழுதிய முதல் கடிதம் அது. மூஞ்சி வெந்திரும் என்ற இடத்தை மட்டும் அவன் இரண்டு தடவை வாசித்தான். “எம் மூஞ்சி மேல எவ்வளவு அக்கறை பாத்தீயளா” என்றான். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தவன், குளிக்கும்போது மட்டும்தான் அதைப் பிரிந்தான்.

முதல் நாள் பருப்பைக் கழுவ ஊர்க் குளத்துக்குப் போனார்கள். குளத்துத் தண்ணீர் எப்போதுமே செம்மண் நிறம்தான். ஐந்து பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் பருப்புக் கூடையோடு நின்று, குளம் தெளிவதற்காகப் பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். குளம் தெளியவில்லை. கூடையைத் தூக்கிப் பார்த்தால் பருப்பும் இல்லை. அந்த வருஷம் சாய்ந்தாபுரம் குளத்து மீனுக்குச் சந்தையில் நல்ல பெயர் கிடைத்தது.

மறுநாள் மீதிப் பருப்பைப் பானைத் தண்ணீரில் கழுவி அடுப்பில் ஏற்றினார்கள். முதல் விசில் வந்தது. கோமதிநாயகம் “ஒண்ணு” என்றார். அப்புறம் குக்கர் புஸ்ஸென்று கொஞ்சம் மூச்சு விட்டு அடங்கியது.

“இது கணக்குல உண்டா?” என்றான் சங்கிலி.

“அது அரை விசில்” என்றார் கோமதிநாயகம்.

“அப்பம் இன்னொரு அரை வந்தாத்தான ரெண்டு?”

“முழுசா வந்துட்டா என்ன செய்ய?”

“முழுசுல பாதியை இதோட சேத்துட்டு, மிச்சப் பாதியை அடுத்ததுக்கு வச்சுக்கிடணும்.”

இந்தக் கணக்கு முடிவதற்குள் பருப்பு கரிந்து, குக்கரின் அடியோடு ஒட்டிக்கொண்டது. அரை விசில் செல்லாது என்று அன்று தீர்மானம் போட்டார்கள்.

அதற்குப் பிறகு, கடையில் பருப்பு வாங்கி ஒரு மாதம் தவறாமல் சமையல் நடந்தது. மூன்றாவது விசில் வந்த நொடியில் ஐந்து பேரும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, துணி பிடித்துக் குக்கரை இறக்குவார்கள். உடனே பத்தடி தள்ளிப் போய் வட்டமாக உட்கார்ந்து, பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு மறக்காமல் வாயைத் திறந்து சாப்பிடுவார்கள். சாப்பிடுகிறவனுக்குப் புத்தி இருக்கிறதா என்று பருப்பு கேட்பதில்லை. ஐந்து பேருக்கும் தோள் உருண்டது, தொடை இறுகியது, சட்டையில் பொத்தான் நிற்கவில்லை.

பொங்கலும் வந்தது. இரண்டு ஊரும் திரண்டு நின்றன. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் சண்முகவடிவு உட்கார்ந்திருந்தாள். பேச்சிமுத்து அவளைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டான். இன்றைக்கு விழுந்தால் அவள் இல்லை என்பது அவனுக்குக்கூட நன்றாகப் புரிந்திருந்தது.

“கயித்து நடுவுல கட்டியிருக்க ரிப்பன் எந்தப் பக்கத்துக் கோட்டைத் தாண்டுதோ அந்தப் பக்கம் ஜெயிச்சுது” என்று அறிவித்தார் வைகுண்டம். “தாண்டுற வரைக்கும் ஆட்டம் முடியாது. என் ரூல்ஸ் மாறாது.”

கயிற்றைப் பிடிக்க ஒரு விசில் ஊதினார். “ஒண்ணு” என்று முணுமுணுத்தார் கோமதிநாயகம்.

இழுக்க ஒரு விசில் ஊதினார். “ரெண்டு.”

அதற்குப் பிறகு நடந்ததை இரண்டு ஊரும் நம்பவில்லை. ரிப்பன் சாய்ந்தாபுரத்துப் பக்கம் நகர்ந்தது. நிமிர்ந்தான்குளத்தார் குதிகாலால் மண்ணை உழுதபடி வந்தார்கள். கோட்டுக்கு இன்னும் ஒரு முழம்தான். சண்முகவடிவு எழுந்து நின்றுவிட்டாள். தாங்க முடியாமல் நிமிர்ந்தான்குளத்தின் கடைசி ஆள் தரையில் உட்கார்ந்துகொண்டார். அது தப்பாட்டம். எச்சரிப்பதற்காக வைகுண்டம் விசிலை ஊதினார்.

“மூணு. இறக்குங்கல” என்றார் கோமதிநாயகம்.

பேச்சிமுத்து இடுப்புச் சுற்றை அவிழ்க்க, ஐந்து பேரும் மேல்துண்டால் பிடித்துக் கயிற்றைப் பூப்போல இறக்கி வைத்தார்கள். எதிரில் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராக மல்லாந்து விழுந்தார்கள். ரிப்பன் நடுவுக்கே திரும்பிப் போய்விட்டது. சண்முகவடிவு முகத்தை மூடிக்கொண்டாள்.

விழுந்தவர்கள் எழுந்து மறுபடி இழுக்கப் போனார்கள். பேச்சிமுத்து பதறிப்போய்க் கையை விரித்துக்கொண்டு ஓடினான். “யாரும் தொட்டுராதீய. பத்து நிமிசம் ஆகட்டும். மூஞ்சி வெந்திரும்.”

சாய்ந்தாபுரத்துக்காரர்கள் பொய் சொல்லி நிமிர்ந்தான்குளத்தார் கேட்டதே இல்லை. என்னவோ ஏதோவென்று பயந்து எல்லோரும் கயிற்றை விட்டார்கள். அவர்களின் கடைசி ஆள் இடுப்பில் சுற்றியிருந்ததையும் அவசரமாக அவிழ்த்துப் போட்டார். இரண்டு அணியும் பத்தடி தள்ளி உட்கார்ந்து கயிற்றைப் பார்த்தன. ஜனமும் பார்த்தது. என்ன செய்வதென்று வைகுண்டத்தின் ரூல்ஸில் இல்லாததால், அவர் வாட்சைப் பார்த்தார். சுண்டல் விற்கிறவருக்கு நல்ல வியாபாரம்.

பத்து நிமிஷம் கழிந்ததும் பேச்சிமுத்து போய் ஒரு விரலால் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். “ஆறிட்டு அண்ணாச்சி” என்றான். ஐந்து பேரும் கயிற்றை அலுங்காமல் தூக்கித் தங்கள் பக்கம் கொண்டு போனார்கள். ரிப்பன் கோட்டைத் தாண்டியது.

வைகுண்டம் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். ரூல்ஸ் மாறாது என்று சொன்னது அவர் வாய்தான். சாய்ந்தாபுரத்துப் பக்கம் கையை நீட்டி, நீளமாக ஒரு விசில் ஊதினார். ஊர் கூத்தாடியது. சண்முகவடிவு அழுதுகொண்டே சிரித்தாள்.

அணியில் மட்டும் ஒருவர் முகத்திலும் களையில்லை.

“நாலு” என்றார் கோமதிநாயகம்.

“குழைஞ்சிருக்கும்” என்றான் சங்கிலி. இரண்டு பேரும் சோகமாகத் தலையாட்டினார்கள்.

பேச்சிமுத்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மாமனாரிடம் போனான். “மனசை விட்டுராதீய மாமா. ஒண்ணும் வீணாப் போவாது, தண்ணி ஊத்திக்கிடலாம்” என்றான் ஆறுதலாக.

அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது. பந்தியில் ரசம் மட்டும் கொஞ்சம் நார் நாராக இருந்ததாகச் சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.