நாச்சி உருட்டிய சட்டிச்சோறு

அந்தக் காலத்தில் காகம் கூரையில் வந்து உட்கார்ந்தால் கரையாது, பேசும். பூனையும் பேசும், அணிலும் பேசும். மனிதர்கள் அவற்றோடு சரிக்குச் சரி வாயாடுவார்கள். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டால் ஒரே வீட்டுக்காரர்கள்கூட வாய் திறக்க மாட்டார்கள். ஆளுக்கொரு மண்கலயம், ஆளுக்கொரு மூலை. சோற்றை அகப்பையால் அள்ளிப் போட்டுவிட்டு அம்மா நகர்ந்துவிடுவாள். அவரவர் தம் கலயத்தைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பார்கள். பல் முளைத்த குழந்தைக்குக்கூட ஒரு குட்டிக் கலயம் உண்டு.

எல்லாம் பயம்தான். அடுத்தவர் கையால் ஒரு கவளம் வாங்கித் தின்றால் அவரை விட்டுப் பிரியவே முடியாது, கால் அந்த வாசலிலேயே கட்டிப்போய்விடும் என்று ஊர் முழுக்க நம்பியது. "நாயைப் பாருங்கள்! ஒரே ஒரு தடவை மனுசன் கையால் வாங்கித் தின்றது. காடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டது!" என்பார்கள். அதற்குமேல் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

அப்படிப்பட்ட காலத்தில் ஓர் ஆற்றங்கரையில் நாச்சி என்று ஒருத்தி இருந்தாள். புருசன் சடையன் உழவன். மூத்த மகன் உலகன், இளையவன் வேம்பன், கடைக்குட்டி பூவாத்தாள். வீட்டில் மஞ்சள் பூனை ஒன்று. கூரைமேல் நாளெல்லாம் ஊர்க்கதை பேசும் ஒரு காகம்.

நாச்சி அயிரைமீன் குழம்பு வைத்தால் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவனுக்கும் பசிக்கும். புளியும் மிளகும் போட்டு மண்சட்டியில் வற்ற வற்றக் கொதிக்கவிடுவாள். எல்லாரும் தின்று முடித்தபின் சட்டியின் ஓரத்தில் கெட்டியாக ஒட்டியிருக்குமே, அதுதான் அந்த வீட்டில் பெரிய சொத்து. ஆளுக்கொரு நாள் முறை வைத்து அதை அகப்பையால் வழித்துத் தின்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அந்த முறையில்தான் சண்டை மூண்டது.

"இன்னைக்கு என் முறை!" என்றான் உலகன்.

"நேத்துத்தானே வழிச்சே? இன்னைக்கு எனக்கு!" என்றான் வேம்பன்.

இருவரும் சட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். இவன் இழுக்க, அவன் இழுக்க, சட்டி உடையப் போகிறதே என்று நாச்சி ஓடிவந்தாள். உலகன் கடைசிவரை பிடியை விடவில்லை. வேம்பன்தான் கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"நீ இருக்கிற வீட்டுல எனக்குச் சோறே வேண்டாம்! கடலோரத்துல உப்பு வார ஆள் கேக்குறாங்க. விடிஞ்சதும் போறேன்."

"போயேன்! உன்னை யார் பிடிச்சு வச்சிருக்கா?" என்றான் உலகன்.

வேம்பன் விறுவிறுவென்று நடந்துபோய், ஆற்றோரம் பனைகள் நிற்கும் திட்டில் படுத்துக்கொண்டான். அந்தச் சட்டியை அதன்பின் யாரும் தொடவில்லை. உலகனுக்கும் வழித்துத் தின்ன மனம் வரவில்லை. நாச்சி அதை அப்படியே மூடி வைத்தாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் காகம் அலறிக்கொண்டு பறந்து வந்தது.

"தண்ணி வருது! தண்ணி வருது! மலையில பேய்மழை! ஓடுங்க, ஓடுங்க!"

சடையன் வெளியே எட்டிப் பார்த்தான். ஆறு கரையை மறந்து வயலுக்குள் நடந்து வந்துகொண்டிருந்தது! நாச்சி சோற்றுப்பானையையும் குழம்புச் சட்டியையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேலைத் துணியில் கட்டித் தூக்கினாள். சடையன் மாடுகளை அவிழ்த்து மேட்டுப்பக்கம் விரட்டிவிட்டு, கமலையில் தண்ணீர் இறைக்கும் நீள வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டான். உலகன் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டான். பூவாத்தாள் பூனையைத் தூக்கிக்கொண்டாள். வயல் நடுவே, கிளி விரட்டுவதற்காகக் கட்டிய உயரமான காவல் பரண் ஒன்று இருந்தது. மேடு வரை ஓட நேரமில்லாமல் எல்லாரும் விழுந்தடித்து ஓடி அதில் ஏறினார்கள். கடைசிப் படியில் சடையன் கால் வைத்தபோது முதல் படி தண்ணீருக்குள் போய்விட்டது!

பரணிலிருந்து பார்த்தால் வீட்டு வாசல் தெரிந்தது. வெள்ளம் உள்ளே புகுந்து வெளியே வந்தது. அதோடு அவர்களுடைய ஐந்து கலயங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வாத்துக்குஞ்சுகள் மாதிரி மிதந்து வந்தன.

"ஆத்தா, என் கலயம் போகுது! குட்டிக் கலயம்!" என்று பூவாத்தாள் கத்தினாள்.

நாச்சி கலயத்தைப் பார்க்கவில்லை. அவள் கண் பனந்திட்டின் பக்கமே இருந்தது. "வேம்பா! டேய் வேம்பா!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். வெள்ளத்தின் இரைச்சலில் அந்தக் குரல் எங்கே போய்ச் சேரும்?

காகம் பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தது. "திட்டு முங்கிருச்சு! ஒரு பனையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். தண்ணி இடுப்புக்கு வந்திருச்சு. பனை ஆடுது!"

நாச்சி ஓவென்று அழுதாள். உலகன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

பூனை அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "என்ன யோசிக்கிறே?"

"போன்னு சொன்னது நான்தானே," என்றான் உலகன்.

"அப்ப வான்னு சொல்றதும் நீதான் சொல்லணும்," என்றது பூனை.

அவ்வளவுதான். உலகன் துள்ளி எழுந்தான். வடத்தின் ஒரு முனையை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டான். மறுமுனையைச் சடையன் பரண் காலில் சுற்றிக் கையில் பிடித்தான். யாருடைய தோட்டத்திலிருந்தோ சரிந்த வாழைமரங்கள் வெள்ளத்தில் உருண்டு வந்தன. "அய்யா, விட்டுறாதீங்க!" என்று கத்திக்கொண்டே உலகன் குதித்து ஒரு வாழைத்தண்டைத் தாவிப் பிடித்தான்!

வெள்ளம் அவனைப் பொம்மை மாதிரி சுழற்றியது. காகம் தலைக்குமேலே பறந்து வழி சொன்னது. "இடது பக்கம்! இன்னும் இடது! முள்மரம் வருது, தலையைக் குனி! ஆங், இப்ப நேரே போ!"

பனை தெரிந்தது. வேம்பனும் தெரிந்தான். உதடு நீலம் பாரித்து, கண்ணை மூடிக்கொண்டு பனையோடு பனையாக ஒட்டியிருந்தான். இன்னும் கொஞ்ச தூரம்தான். அப்போது வடம் விண்ணென்று இழுத்து நின்றுவிட்டது. நீளம் போதவில்லை! உலகன் கையை நீட்டினான். ஓர் ஆள் நீளம் இடைவெளி இருந்தது.

"தம்பி! குதிடா!"

வேம்பன் கண் திறந்தான். அண்ணனைப் பார்த்தான். நடுவில் சுழித்து ஓடும் செம்மண் தண்ணீரைப் பார்த்தான்.

"நீ பிடிச்சுக்குவியா?"

"ஒரு சட்டியையே விடாதவன் உன்னை விட்டுருவேனாடா? குதி!"

வேம்பன் குதித்தான். தண்ணீருக்குள் முழுசாக மறைந்துபோனான். காகம் "ஐயையோ!" என்று கத்தியது. உலகன் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது, தம்பியின் குடுமி! இறுக்கிப் பிடித்துச் சுண்டி இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"இழுங்க! இழுங்க!" என்று காகம் பரணுக்குப் பறந்தது. சடையன் இழுத்தான். நாச்சி இழுத்தாள். பூவாத்தாள் அம்மாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். பூனைகூட வடத்தின் நுனியைப் பல்லால் கவ்விக்கொண்டது. அங்குலம் அங்குலமாக இரண்டு பேரும் பரணுக்கு வந்து சேர்ந்தார்கள். மேலே ஏறியதும் அண்ணனும் தம்பியும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் பிடித்தது. இருவருக்கும் பல் தந்தியடித்தது. வேம்பன் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து பட்டினி. விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன.

"சோறு இருக்கு, கலயம் இல்லையே," என்றான் சடையன். "ஆளாளுக்குப் பானைக்குள்ள கையை விட்டு எடுத்துக்க வேண்டியதுதான்."

"எப்படி எடுப்பாங்க? விரலைப் பாருங்க," என்றாள் நாச்சி.

அவள் துணிக்கட்டை அவிழ்த்தாள். குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தாள். இரவெல்லாம் ஊறிய அயிரைக் குழம்பின் வாசனை அந்த ஈரக்காற்றில் குப்பென்று எழுந்தது. நாச்சி பழைய சோற்றைப் பிழிந்து பிழிந்து சட்டிக்குள் போட்டாள். பிறகு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தாள். அகப்பையைத் தேடாமல், பிள்ளைகள் தின்னப்போகும் சோற்றுக்குள் வெறுங்கையை விட்டாள்.

"ஏய் நாச்சி! கையை வைக்காதே!" என்று சடையன் பதறினான்.

"பிள்ளைங்க விறைச்சுக் கிடக்குதுங்க. நீங்க சும்மா இருங்க."

ஓரமெல்லாம் வழித்து, ஒட்டியிருந்த கெட்டிக் குழம்பைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தாள். உள்ளங்கை அளவுக்கு ஓர் உருண்டை பிடித்தாள். வேம்பனிடம் நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"இங்க பாரு வேம்பா. என் கையால வாங்கித் தின்னா என்னை விட்டுப் போக முடியாதுங்கிறாங்க. நீ போறேன்னு சொன்னவன். உன்னைக் கட்டிப்போட்டு வைக்க எனக்கு ஆசையில்லடா. வேண்டாம்னா சொல்லு, வேற ஏதாவது வழி பார்ப்போம்."

வேம்பன் அம்மாவைப் பார்த்தான். உருண்டையைப் பார்த்தான். குருவிக்குஞ்சு மாதிரி 'ஆ'வென்று வாயைத் திறந்தான்.

நாச்சி ஊட்டினாள். அவன் மென்றான், விழுங்கினான். எல்லாரும் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேம்பனும் குனிந்து பார்த்தான். கட்டைவிரலை மெல்ல அசைத்தான். அசைந்தது!

"ஆத்தா," என்றான் வேம்பன். "இன்னொண்ணு."

அடேயப்பா! அதற்குப்பிறகு நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமா? "எனக்கு!" என்று பூவாத்தாள் குட்டிக்கையை நீட்டினாள். "எனக்கும் ஆத்தா!" என்று உலகன் முண்டிக்கொண்டு வந்தான். சடையன் கொஞ்ச நேரம் வெட்கப்பட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தான். பிறகு அவன் கையும் மெதுவாக நீண்டது. நாச்சி உருட்டி உருட்டி ஒவ்வொரு கையிலும் வைத்தாள். கை காலியாவதும் மறுபடி நீள்வதுமாக இருந்தது.

"நேத்தும் இதே குழம்பைத்தானே தின்னோம்? இம்புட்டு ருசி எங்கேயிருந்து வந்துச்சு? உப்பைக் கூட்டிப் போட்டியா?" என்று கேட்டான் சடையன்.

"உப்புச்சட்டியே ஆத்தோட போயிருச்சு. எங்கே கூட்டிப் போட?" என்றாள் நாச்சி.

பூனைக்குச் சட்டியில் ஒட்டியிருந்த ஒரு குட்டி மீன், காகத்துக்கு ஒரு வாய் சோறு. சட்டியில் ஒரே ஓர் உருண்டைக்கான சோறு மிஞ்சியது. "தம்பிக்குக் குடு ஆத்தா," என்றான் உலகன். "அண்ணனுக்குக் குடு," என்றான் வேம்பன். அப்போதுதான் பூவாத்தாள் கத்தினாள்: "ஆத்தா இன்னும் ஒரு வாய்கூடத் தின்னலை!"

சொல்லிக்கொண்டே அவள் தானே சட்டிக்குள் கையை விட்டாள். கோணலும் மாணலுமாக ஓர் உருண்டை பிடித்து அம்மாவின் வாயில் திணித்தாள். "இப்ப நீயும் எங்களை விட்டுப் போக முடியாது!" என்று கைகொட்டினாள். நாச்சியால் மெல்லவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

வெள்ளம் வடிந்தது. வீட்டைத் திரும்பக் கட்டினார்கள். சடையன் குயவரிடம் சொல்லிப் புதுக்கலயங்கள் வாங்கி வந்தான். ஆனாலும் குழம்பு தீரும் நாளில் யாரும் மூலைக்குப் போகவில்லை. நாச்சி சட்டியை நடுவில் வைப்பாள், எல்லாரும் சுற்றி உட்காருவார்கள், கைகள் நீளும். காகம் சும்மா இருக்குமா? ஊர்க் கூரைகளிலெல்லாம் போய்ச் சொல்லிவிட்டது. "நாச்சி பிள்ளைகளை வசியம் பண்ணிட்டா! இனி அதுங்க வாசல்படி தாண்டாது!" என்று ஊரார் வாயில் கைவைத்தார்கள்.

தை பிறந்ததும் வேம்பன் உப்பளத்துக்குக் கிளம்பினான். உலகைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு உள்ளூர ஆசைதான். நாச்சி தடுக்கவில்லை. ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. அவன் வாசல்படியில் கால் வைத்தான். தாண்டினான்! தெருவில் இறங்கி, கைவீசி நடந்து, முனை திரும்பிப் போயும்விட்டான்.

"அட, கால் கட்டவே இல்லையே! அத்தனையும் பொய்யா!" என்று ஊர் கொல்லென்று சிரித்தது. அன்றைக்கே எத்தனையோ வீடுகளில் தாய்மார்கள் வெறுங்கையைச் சட்டிக்குள் விட்டார்கள்.

கடலோரத்தில் வேம்பன் நன்றாக உழைத்தான். நல்ல மீன் கிடைத்தது. அவனே குழம்பு வைத்தான், அவனே சட்டியை வழித்தான், போட்டிக்கு ஆளே இல்லை. வழித்த சோற்றை உருட்டி வாயருகே கொண்டுபோனால் மட்டும் கை நின்றுவிடும். முதல் மழை விழுந்த நாளில் உப்பளத்தில் வேலை நின்றது. மற்றவர்கள் படுத்துத் தூங்கினார்கள். வேம்பன் மழையோடு மழையாக நடக்கத் தொடங்கினான்.

சொட்டச் சொட்ட வந்து வாசலில் நின்றவனைப் பார்த்து, "என்னடா, கால் தானா இழுத்துட்டு வந்துருச்சா?" என்று உலகன் சிரித்தான்.

வேம்பன் ஈரத்தலையைத் துவட்டக்கூட நிற்கவில்லை. நேரே அடுப்படிக்குப் போனான்.

"பசிக்குது ஆத்தா."

நாச்சி சட்டியை எடுத்து நடுவில் வைத்தாள்.

குழம்பு தீர்ந்த சட்டியில் சோற்றைக் கொட்டிப் பிசைந்து, சுற்றி உட்கார்ந்தவர்கள் கையில் உருண்டை உருட்டி வைக்கும் வழக்கம் நம் வீடுகளுக்கு இப்படித்தான் வந்தது. எத்தனை தட்டு இருந்தாலும் அந்த உருண்டைக்கு மட்டும் நாம் வெறுங்கையை நீட்டுவதும், எவ்வளவு தூரம் போன பிள்ளையும் ஒருநாள் வாசலில் வந்து நின்று "பசிக்குது" என்பதும் அன்று முதல்தான்.