செவந்தியின் நிறமும் நரியின் கோட்டையும்

மூங்கில்காட்டில் செவந்தி என்றொரு பச்சோந்தி இருந்தது. வீடியோ கேம் ஆடுவதில் அதை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆளே இல்லை.

எல்லாம் அதன் கண்கள் செய்த வேலை. மற்ற மிருகங்களுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம்தான் பார்க்கும். செவந்திக்கு ஒரு கண் கிழக்கே பார்த்தால் இன்னொரு கண் மேற்கே பார்க்கும். எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் அதனிடம் தப்ப முடியாது.

நான்கு வருடத்துக்கு ஒரு முறை பன்னிரண்டு காடுகளும் சேர்ந்து பெரிய விளையாட்டு விழா நடத்தும். ஓட்டம், நீச்சல், மல்யுத்தம், மரமேறுதல் எல்லாம் உண்டு. அந்த வருடம் கடலோரத்து அலையாத்திக்காட்டில் விழா. முதல்முதலாக வீடியோ கேமையும் போட்டியில் சேர்த்திருந்தார்கள். ஜெயித்தால் மற்றவர்களுக்குத் தருவது போலவே தங்கப் பதக்கம்!

மூங்கில்காட்டிலிருந்து செவந்தியும், கீரி சுருளியும், ஆமை பூமாலையும் ஓர் அணியாகப் புறப்பட்டன.

"உக்காந்த இடத்துல பொத்தானைத் தட்டுறதுக்கு ஒரு பதக்கமா? கலிகாலம்!" என்று வழியெல்லாம் முணுமுணுத்தது கரடி. அதுதான் மூங்கில்காட்டுக் குழுவுக்குத் தலைவர். மல்யுத்த வீரரும் கூட.

ஆனால் நடந்தது வேறு. மல்யுத்தத்தில் கரடி முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வியது. ஓட்டத்தில் மான் மூக்கு நுனி அளவில் தங்கத்தைத் தவறவிட்டது. நீச்சலில் நீர்நாய் பாதி வழியில் ஒரு மீனைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போய்விட்டது. கடைசி நாள் வந்தபோது மூங்கில்காட்டிடம் ஒரு தங்கம் கூட இல்லை. மிச்சம் இருந்தது வீடியோ கேம் ஒன்றுதான். செவந்தியின் அணி எல்லாச் சுற்றிலும் ஜெயித்து இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது.

அன்று காலை கரடி வந்து செவந்தியின் முன் நின்றது. தொண்டையைக் கனைத்தது.

"இந்தா பாரும்மா! நான் வழியில ஏதோ பேசினேன். மனசுல வச்சுக்காதே. எப்படியாவது ஜெயிச்சுக் குடு. ஒண்ணுமே இல்லாம ஊருக்குப் போனா என்னைக் காட்டுக்குள்ளேயே விட மாட்டாங்க!"

"கவலைப்படாதீங்க கரடியண்ணே! தங்கம் நம்மளுக்குத்தான்!" என்றது செவந்தி. அதன் உடம்பு இளம்பச்சையாகப் பளபளத்தது.

விளையாட்டின் பெயர் 'கோட்டை பிடி'. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோட்டை. கோட்டைக்குள் ஒரு கொடி. எதிரியின் கொடியை எடுத்துக்கொண்டு யார் முதலில் தன் கோட்டைக்குத் திரும்புகிறார்களோ அவர்களுக்கு அந்த ஆட்டம். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தால் தங்கம்.

செவந்தியின் அணியில் யாருக்கு என்ன வேலை என்பது என்றைக்கும் மாறியதில்லை. செவந்தி பாய்ந்து போய்க் கொடியை எடுக்கும். சுருளி அதற்குத் துணையாக ஓடும். பூமாலை வாசலில் நின்று காவல் காக்கும்.

எதிர் அணி முள்ளுக்காட்டு அணி. அதற்குத் தலைவர் அம்பலம் என்ற நரி. கூட ஒரு குரங்கும் ஒரு முயலும்.

அம்பலம் முந்தின நாள் அரையிறுதியைப் பார்க்க வந்திருந்தது. கூட்டம் எல்லாம் திரையைப் பார்த்தது. அம்பலம் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. செவந்தியையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்து முடித்தபோது அதற்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மணி அடித்தது. முதல் ஆட்டம் தொடங்கியது.

இரண்டு அணியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. நடுவே முதுகோடு முதுகு ஒட்டினாற்போல் திரைகள். செவந்தி கன்ட்ரோலரைக் கவ்விப் பிடித்தது. மெதுவாகப் பதுங்கி, எதிரிக் கோட்டையின் கிழக்கு வாசலில் சட்டென்று பாய்ந்தது. அங்கே மூன்று பேரும் தயாராகக் காத்திருந்தார்கள்!

திரும்பி ஓடிப் பதுங்கியது. கிழக்கே போவது போல் பாசாங்கு காட்டிவிட்டு மேற்கு வாசலுக்குப் போனது. அங்கேயும் மூன்று பேரும் நின்றார்கள்!

'மனசுல நினைக்கிறது இவங்களுக்கு எப்படித் தெரியுது?' என்று செவந்தி திகைத்தது. அந்தத் திகைப்பில் விரல் தடுமாறியது. முயல் ஒரே ஓட்டமாக ஓடி மூங்கில்காட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

முள்ளுக்காட்டார் ஆரவாரம் செய்தார்கள். கரடி தலையில் கை வைத்துக்கொண்டது.

இடைவேளையில் சுருளி துள்ளிக்கொண்டு வந்தது. "கண்டுபிடிச்சுட்டேன்! அந்த நரி திரையையே பாக்கலை. உன்னைத்தான் பாக்குது! நீ பாயப் போறப்போ உன் உடம்பு சிவக்குது. பாசாங்கு பண்ணினா மஞ்சள் கோடு விழுது. பயந்தா கறுத்துப் போறே. எல்லாத்தையும் பாத்துப் பாத்து அது தன் ஆளுங்களுக்குச் சொல்லுது!"

செவந்தியை வெட்கம் பிடுங்கித் தின்றது. பச்சோந்தி நினைத்தபோது நினைத்த நிறத்துக்கு மாறும் என்று ஊரெல்லாம் பேசுகிறது. உண்மை அப்படியல்ல. மனசு போகிற வழியில் நிறம் போகும். பச்சோந்தியால் அதைத் தடுக்க முடியாது.

சுருளி நேராக நடுவரிடம் ஓடியது. நடுவர் ஒரு வயதான கொக்கு.

"ஐயா! அந்த நரி ஏமாத்துது! எங்க ஆளு முகத்தையே பாக்குது!"

கொக்கு ஒற்றைக் காலில் நின்றபடி யோசித்தது. "எதிரியோட திரையைப் பாத்தா தப்பு. எதிரி முகத்தைப் பாக்கக் கூடாதுன்னு விதியில எங்கேப்பா இருக்கு?"

"அப்ப நாங்க இவளுக்குச் சேறு பூசிக்கிறோம்!"

"அதுக்கு விதி இருக்கு. ஆடுறவங்க உடம்பு மேல எதையும் பூசவோ போத்தவோ கூடாது."

சுருளி அதற்குள் ஒரு கை நிறைய அலையாத்திச் சேற்றை அள்ளிச் செவந்தியின் முதுகில் அப்பியிருந்தது. அதைக் கழுவுவதற்கே பாதி இடைவேளை போய்விட்டது.

"சரி, மனசை அடக்கிப் பாரு! எதையும் நினைக்காதே!" என்றது சுருளி.

செவந்தி கண்ணை மூடிக்கொண்டது. உடம்பு மெல்லப் பச்சைக்கு வந்தது.

"இப்போ நான் உன்னைக் கடிக்கப் போறேன்!" என்று சுருளி பல்லைக் காட்டியது.

செவந்தி கரி போலக் கறுத்தது.

"நாசமாப் போச்சு!" என்றது சுருளி.

பூமாலை இத்தனை நேரமும் ஓரமாக உட்கார்ந்து ஒரு கீரைத்தண்டை மென்றுகொண்டிருந்தது. அதன் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

செவந்தியின் ஒரு கண் சுருளியைப் பார்த்தது. இன்னொரு கண் பூமாலையின் மேல் விழுந்தது. விழுந்த கண் அங்கேயே நின்றது.

"பூமாலை! இப்போ நீ என்ன நினைக்கிறே?"

"எனக்குப் பயமா இருக்கு. அழுகையா வருது" என்றது பூமாலை. சொல்லிவிட்டு இன்னொரு கடி கடித்தது. முகம் அப்படியேதான் இருந்தது.

செவந்திக்குச் சுருக்கென்றது. மூன்று வருடம் ஒன்றாக ஆடியிருக்கிறோம். ஒரு நாளாவது இவனைக் கேட்டிருப்போமா? வாசலில் நில் என்று சொன்னோம், நின்றான். முன்னால் போகிறாயா என்று கேட்டதே இல்லை.

கேட்பது சுலபமாகவும் இல்லை. மூங்கில்காட்டில் புறப்படும்போது பிள்ளைகள் எல்லாம் "கொடி பிடிக்கும் செவந்தி!" என்று கூவி அனுப்பியிருந்தார்கள். இப்போது கொடியை வேறொருவர் பிடிக்க வேண்டும். செவந்தியின் உடம்பில் நான்கு நிறம் ஓடி ஓடி மறைந்தது. பிறகு அது எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னது:

"என்னால என் நிறத்தை மறைக்க முடியாது. நான் முன்னால போனா தோத்துடுவோம். நீ போ பூமாலை. நான் வாசலைப் பாத்துக்கறேன்."

"நானா? நான் ஆமையாச்சே! மெதுவா இல்லே போவேன்?"

"உன் காலுதான் மெதுவாப் போகும். திரைக்குள்ளே ஓடுற வீரன் எல்லாருக்கும் ஒரே வேகம்தான்!"

பூமாலை மெல்லுவதை நிறுத்தியது. "அட, ஆமாம்!" என்றது.

இரண்டாவது ஆட்டம் தொடங்கியது. அம்பலம் வழக்கம்போலச் செவந்தியின் மேல் கண்ணை வைத்தது.

செவந்தி இப்போது வாசலில் காவல். குரங்கு கோட்டையை நோக்கி வருவதை அதன் இடது கண் பார்த்தது. 'வா, வா!' என்று கறுவியது. உடம்பு சிவந்தது.

"சிவந்துடுச்சு! பாயப் போகுது! எல்லாரும் நம்ம கிழக்கு வாசலுக்கு வாங்க!" என்று அம்பலம் கத்தியது.

குரங்கும் முயலும் ஓடி வந்து கிழக்கு வாசலில் நின்றன. செவந்தி வரவில்லை. அது தன் வாசலிலேயே நின்றுகொண்டு இன்னும் சிவந்தது.

"இதோ வரப் போகுது! அசையாதீங்க!" என்றது அம்பலம்.

அதற்குள் மேற்கு வாசல் வழியாக ஒரு வீரன் உள்ளே போனான். கொடியை எடுத்தான். வெளியே வந்தான். வழியில் தடுக்க ஆளே இல்லை. சுருளி பக்கத்தில் ஓட, அவன் மூங்கில்காட்டுக் கோட்டைக்குள் நுழைந்துவிட்டான்.

மணி அடித்தது. கூட்டத்துக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை.

"யாரு எடுத்தது? யாரு எடுத்தது?" என்று கரடி பக்கத்திலிருந்த மானை உலுக்கியது.

"ஆமைதான் அண்ணே! நம்ம ஆமை!"

கரடி எழுந்து குதித்த குதியில் அந்த வரிசை பெஞ்சு இரண்டாக ஒடிந்தது.

பூமாலை முகம் மாறாமல் உட்கார்ந்திருந்தது. ஆனால் மேசைக்கடியில் அதன் வால் மட்டும் படபடவென்று ஆடியது. அதைச் செவந்தியின் ஒரு கண் பார்த்துவிட்டது. கொடியைத் தானே பிடித்திருந்தால்கூட அத்தனை சந்தோஷம் வந்திருக்குமா என்று அதற்குத் தெரியவில்லை.

அம்பலம் பல்லைக் கடித்தது. "ஓகோ! பச்சோந்தியைக் காட்டிட்டு ஆமையை அனுப்புறாங்களா? இனிமே அந்த ஆமையை நான் பாத்துக்கறேன்!"

மூன்றாவது ஆட்டம். இதுதான் கடைசி.

அம்பலம் பூமாலையை உற்றுப் பார்த்தது. பூமாலைக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. இரண்டு கண் மட்டும் வெளியே மினுங்கியது. கொக்கு குனிந்து பார்த்தது. ஆமைக்கு ஓடும் உடம்புதானே! தப்பில்லை என்று தலையாட்டிவிட்டு நிமிர்ந்துகொண்டது.

அம்பலம் கழுத்தை நீட்டியது. ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டியது. ஓடுதான் தெரிந்தது.

"அண்ணே, என்ன செய்யட்டும்? கிழக்கா, மேற்கா?" என்று குரங்கு கேட்டது.

"இரு! பாத்துக்கிட்டிருக்கேன்!" என்றது அம்பலம்.

செவந்தியின் வலது கண் திரையில் இருந்தது. இடது கண் மெல்ல நரியின் பக்கம் திரும்பியது. நரி தன்னைப் பார்க்கவில்லை! ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை!

போகலாமா? நரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும், எல்லாம் வெளிச்சமாகிவிடும்.

"பூமாலை!" என்று அது கிசுகிசுத்தது. "வாசலுக்கு வர்றியா? இந்த ஒரு தடவை நான் போகட்டுமா?"

ஓட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "போ செவந்தி! அது என் ஓட்டைத்தான் பாத்துக்கிட்டிருக்கு!"

செவந்தி பாய்ந்தது. அந்த நொடியில் அதன் மூக்கிலிருந்து வால் வரை செம்பருத்திப் பூவாகச் சிவந்தது. அத்தனை சிவப்பை அந்தக் கடற்கரை பார்த்ததில்லை. கூட்டம் முழுக்க "ஆ!" என்றது.

"அண்ணே! அண்ணே! அது சிவந்துடுச்சு!" என்று முயல் அலறியது.

"சும்மா இரு! ஆமை இப்போதான் கண்ணைச் சிமிட்டுச்சு!" என்றது அம்பலம்.

அது திரும்பித் திரையைப் பார்த்தபோது கோட்டை காலியாக இருந்தது. கொடியும் இல்லை. செவந்தியின் வீரன் கொடியோடு மூங்கில்காட்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தான். அடுத்தவர் முகத்தையே பார்த்துப் பார்த்து, நரி தன் கோட்டையைக் கோட்டை விட்டுவிட்டது!

கொக்கு இரண்டு காலையும் ஊன்றி நின்று, மூங்கில்காட்டுக்கு வெற்றி என்று அறிவித்தது. கரடி ஓடி வந்து மூவரையும் சேர்த்துத் தூக்கியது. மல்யுத்தத்தில் அது யாரையும் அவ்வளவு உயரம் தூக்கியதில்லை.

கூச்சல் அடங்கிய பிறகு அம்பலம் வந்தது. வாலைத் தொங்கப்போட்டிருந்தாலும் கையை நீட்டியது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நிறத்தை வச்சு என்னை ஏமாத்த எங்கே கத்துக்கிட்டே?"

செவந்தி சிரித்தது. சிரிக்கும்போதே மஞ்சளும் பச்சையும் நீலமுமாக அதன் உடம்பில் அலையடித்தது.

"ஏமாத்தவே இல்லையே! நிறத்தை மறைக்க என்னால முடியாதுன்னு இவங்ககிட்டச் சொன்னேன். அவ்வளவுதான்!"

மறைக்க முடியாத குறையை மூடி வைக்கப் பாடுபடுகிறவர் தோற்பார். அதைக் கூட இருப்பவரிடம் சொல்லிக் கைகொடுக்கக் கேட்பவரே ஜெயிப்பார்.