வெறுங்காலில் நடந்த ராஜா

முன்னொரு காலத்தில் வெள்ளேரி நாட்டை மகுடேந்திரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு எண்ணம், மத்தியானம் ஒரு எண்ணம். ஒரு நாள் அரண்மனை மாடத்தில் நின்று பார்த்தான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஊருக்கு வடக்கே மேய்ச்சல் காடு பச்சைப்பசேல் என்று கிடந்தது.

பக்கத்தில் நின்ற குதிரைப்படைத் தலைவர் வச்சிரபாகு குழைந்தார். "பார்த்தீர்களா மகாராஜா! இவ்வளவையும் ஆடும் மாடும் தின்று தீர்க்கின்றன. நம் ஆயிரம் குதிரைகளை அங்கே இறக்கினால் எப்படிக் கொழுக்கும்!"

"இறக்கிவிடும்!" என்றான் ராஜா. அவ்வளவுதான். யோசனையாவது ஒன்றாவது!

சேதி கேட்டு மேய்ச்சல்காரர்கள் அரசவைக்கு ஓடிவந்தார்கள். முன்னால் நின்றவர்கள் மூன்று பேர்: மாடு மேய்க்கும் மசக்காளி, செம்மறி மேய்க்கும் வீரணன், வெள்ளாடு மேய்க்கும் செவந்தாயி.

"காடு களைச்சுப் போச்சுங்க சாமி. இன்னும் ஆயிரம் வாய் மேய்ஞ்சா அடுத்த கோடைக்கு வெறும் மண்ணுதான் மிஞ்சும். நாங்க ஊரை விட்டே போகணும்" என்று கும்பிட்டார் மசக்காளி.

"பச்சையாகத்தானே இருக்கிறது? எதை வைத்துக் களைத்தது என்கிறீர்?"

வந்தது வினை. "செம்மறி அடியோட கரண்டுதுங்க" என்றார் மசக்காளி. "மாடு மிதிச்சுத்தான் மண்ணு கெட்டுது" என்று பாய்ந்தான் வீரணன். "என் ஆட்டைச் சொன்னா நாக்கை இழுத்து அறுத்துப்புடுவேன்!" என்றாள் செவந்தாயி. அவள் ஆட்டை அதுவரை யாரும் சொல்லவே இல்லை!

வச்சிரபாகு மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஆட்டு வாடைக்காரர்களிடம் ஆலோசனை கேட்டால் இப்படித்தான் மகாராஜா."

ராஜாவும் சிரித்தான். "எட்டு நாள் தருகிறேன். மூவரும் ஒரே பேச்சாக வந்து எனக்குப் புரியும்படி காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒன்பதாம் நாள் குதிரை இறங்கும்."

அமைச்சர் இளங்கண்டர் எழுந்தார். "நானும் இவர்களோடு போய் உட்காருகிறேன் அரசே."

போய் உட்கார்ந்தார், பாவம். காட்டு நடுவே ஒரு வேலமரம். அதன் அடியில் மூன்று நாள் ஓயாத சண்டை. நாலாம் நாள் அமைச்சர் கையை உயர்த்தினார்.

"போதும். இனி யாரும் தன் மந்தைக்காகப் பேசக் கூடாது. மாட்டுக்கு எது நல்ல இடம், எது களைத்த இடம் என்று செவந்தாயி பேசட்டும். செம்மறிக்கு மசக்காளி. வெள்ளாட்டுக்கு வீரணன். சொன்னது சரி என்று அந்த மந்தைக்காரர் ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும்."

அடுத்தவர் மந்தையைப் பற்றிப் பேச வேண்டுமானால் அதன் பின்னால் நடக்க வேண்டுமே! நடந்தார்கள். செவந்தாயி ஒரு பகல் முழுக்க மாடுகளோடு சுற்றிவிட்டு வந்து சொன்னாள்: "நல்ல புல்லுன்னா மாடு கடிக்கிற சத்தம் காதுல கேக்குது. மோசமான இடத்துல மூச்சு விடற சத்தம்தான் கேக்குது." மசக்காளிக்குக் கண் விரிந்தது. "முப்பது வருசமா கேக்கறேன், எனக்கே தோணலையே தாயி!" செம்மறிக்காக அவர் மண்ணைச் சொன்னார், கால் வைத்தால் அமுங்க வேண்டும் என்று. வெள்ளாட்டுக்காக வீரணன், அவை போகிற வழியில் கிடந்த மாட்டுச் சாணத்தைச் சொன்னான். வண்டு நிறைந்த மண்ணில் பழஞ்சாணம் பொடியாகிவிடும், செத்த மண்ணில் கல்லாகக் கிடக்கும். ஒவ்வொன்றையும் மூவரும் காடு முழுக்கச் சோதித்துப் பார்த்த பிறகே தலையாட்டினார்கள்.

எட்டாம் நாள் ராஜா காட்டுக்கு வந்தான்.

"வச்சிரபாகு அவர்களே, இந்தக் காட்டிலேயே சிறந்த இடத்தை நீங்களே காட்டுங்கள்" என்றார் அமைச்சர். வச்சிரபாகு ஏரிக்கரைப் பக்கம் பளபளவென்று பச்சையாக இருந்த இடத்தைக் காட்டினார். மேய்ச்சல்காரர்கள் மேட்டுப் பக்கம் வெளிறிக் கிடந்த இடத்தைக் காட்டினார்கள்.

"மன்னர் கண்ணைக் கட்டிக்கொண்டு, வெறுங்காலில் இரண்டிலும் நடக்க வேண்டும்" என்றார் அமைச்சர்.

"மகாராஜா வெறுங்காலிலா!" என்று அலறினார் வச்சிரபாகு. ராஜாவுக்கு அதுவே ஆசையைக் கிளப்பிவிட்டது. செருப்பைக் கழற்றி வச்சிரபாகு கையிலேயே கொடுத்தான்.

முதல் இடம். "அடேயப்பா, களம் மாதிரி இறுகிக் கிடக்கிறதே!" பசித்த மாடு ஒன்றை ஓட்டிவந்தார்கள். புஸ் புஸ் என்று மோந்துவிட்டு நகர்ந்தது. காலில் பழஞ்சாணம் தட்டியது. "ஐயோ, கல்!"

இரண்டாம் இடம். பாதம் மெத்தென்று பதிந்தது. அதே மாடு சரக் சரக் என்று மேய்ந்தது. பழஞ்சாணம் மிதித்ததும் உதிர்ந்தது. ராஜா குழந்தை மாதிரி சிரித்தான். "இதுதான் காடு! முதலாவது மயானம். அங்கே என் எதிரியின் குதிரையைக்கூட விட மாட்டேன். எந்த மடையன் காட்டிய இடம் அது?"

கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தான். தான் மயானம் என்று சொன்ன இடத்தில் ஆவாரையும் ஊமத்தையும் பச்சையாகச் சிரித்தன. மேயக்கூடிய புல் ஒன்றுகூட இல்லை. செருப்போடு நின்ற வச்சிரபாகு தரையைப் பார்த்தார்.

மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். "காட்டுல பத்துக்கு நாலு பங்கு இப்படி ஆகிப்போச்சு சாமி. ரெண்டு மழைக்காலத்துக்கு அதுல எதையும் மேய விடாம மூடி வைக்கணும். குதிரை வேண்டாம். எங்க மந்தையிலயும் மூணுல ஒரு பங்கைக் குறைச்சுக்கறோம்."

"உங்களுடையதையுமா?" என்றான் ராஜா. "என் அவையில் தன்னைக் குறைத்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் இதுவரை ஒருவர் இல்லை. இனி இந்தக் காட்டைப் பற்றி வேலமரத்தடியில் நீங்கள் பேசுவதுதான் சட்டம். என்ன வெகுமதி வேண்டும்?"

செவந்தாயி முன்னே வந்தாள். "மூணு நாள் கத்தினதுல வீரணன் தொண்டை கட்டிப்போச்சுங்க. வெள்ளாட்டுக்குப் பேச ஒரு ஆள் வேணும்." வச்சிரபாகுவையே பார்த்தாள்.

"கொடுத்தேன்!" என்றான் ராஜா.

மறுவருஷம் வேலமரத்தடியில் கூட்டம் கூடியது. வச்சிரபாகு பத்து நாள் வெள்ளாடுகளின் பின்னால் வெறுங்காலில் அலைந்துவிட்டு வந்திருந்தார். எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார். "எங்கள் ஆடுகள் என்ன சொல்கின்றன என்றால்..." என்று ஆரம்பித்தார்.

யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அவர் பேசி முடித்ததும் எல்லோரும் செவந்தாயியைப் பார்த்தார்கள்.

"சரிதான்" என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தைக்கு வச்சிரபாகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார் பாருங்கள், போரில் வென்றபோதுகூட அவர் அப்படி உட்கார்ந்ததில்லை.