மூட்டை எள்ளை எண்ணிய அளகேசர்

நெடுவயல் மன்னர் உத்தமவேளின் சபையில் அன்று எள் விழ இடமில்லை. விழவேண்டிய எள்ளெல்லாம் நடுவே ஒரு மூட்டையில் இருந்தது.

மூட்டையோடு வந்தவன் கருங்கோட்டைத் தூதன் சூரப்பன். "இதில் எத்தனை எள் என்று பொழுது சாய்வதற்குள் சொல்லவேண்டும். தவறினால் எல்லை ஏரி எங்களுக்கு!" என்றான்.

மன்னருக்கு முகம் வாடிவிட்டது. ஏரி போனால் நாட்டின் பாதி வயல் காய்ந்துவிடும். விகடகவி அளகேசரைப் பார்த்தார்.

"ஒவ்வொன்றாக எண்ண ஒரு மாதம் வேண்டும் அரசே. எனக்கு ஒரு தராசு போதும்" என்றார் அளகேசர்.

நகைத் தராசின் ஒரு தட்டில் ஒரு குன்றிமணியை வைத்தார். மறுதட்டில் எள்ளை ஒவ்வொன்றாகப் போட்டார். நாற்பதாவது எள் விழுந்ததும் முள் நேராக நின்றது.

"நாற்பது குன்றிமணி ஒரு கழஞ்சு. ஆகவே கழஞ்சுக்கு ஆயிரத்து அறுநூறு எள். மூட்டையைப் பெரிய தராசில் ஏற்றுங்கள்!"

மூட்டை சரியாக ஆயிரம் கழஞ்சு இருந்தது.

"பதினாறு லட்சம் எள்!"

சூரப்பன் கைகொட்டிச் சிரித்தான். மடியிலிருந்து முத்திரை ஓலையை எடுத்து நீட்டினான். "எங்கள் அரசர் நூறுபேரை வைத்து எண்ணியது. பதினெட்டு லட்சம்! ஏரி எங்களுடையது!"

அளகேசர் நகைத் தராசை மறுபடி அருகே இழுத்தார். மீண்டும் ஒரு குன்றிமணி, மீண்டும் எள். இப்போதும் நாற்பதுதான். கணக்கு தப்பவில்லை. அப்படியானால் இரண்டு லட்சம் எள் எங்கே? அந்த இரண்டு லட்சத்தை எடையாகத் திருப்பிக் கணக்குப்போட்டார். நூற்றிருபத்தைந்து கழஞ்சு!

நிமிர்ந்து தூதனை உற்றுப் பார்த்தார். மீசையில் வெல்லப்பாகு பளபளத்தது.

"அரசே, ஓலையும் சரி, என் கணக்கும் சரி. கருங்கோட்டையில் கட்டியது பதினெட்டு லட்சம். இங்கே வந்தது பதினாறு. வழியில் நூற்றிருபத்தைந்து கழஞ்சு எள் உருண்டையாகிவிட்டது. இந்தத் தூதர் ஒருவரே அத்தனையையும் விழுங்கியிருக்கிறார். என்ன வயிறு, என்ன வயிறு!"

சூரப்பனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் ஒருவனா தின்றேன்? வண்டிக்காரனும்தான் தின்றான்!"

சபை அதிர்ந்தது. கண்ணில் நீர்வரச் சிரித்த மன்னர், தம் முத்துமாலையைக் கழற்றி அளகேசர் கழுத்தில் போட்டார். பிறகு சமையற்காரரைக் கூப்பிட்டார்.

"தூதருக்கு எள்ளுருண்டை கட்டிக்கொடு. போகும்போதும் பசிக்குமே! வண்டிக்காரனுக்குத் தனியாகக் கட்டு."