பஞ்சம் பேசாத கல்

"கொக்கு எண்ணுதவங்க முன்னாடி நான் எதுக்கும்மா நிக்கணும்?"

இப்படிக் கேட்ட திருமேனிக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய ஆசிரியை காந்திமதிக்கு நாற்பத்திரண்டு. வயதில் சின்னவரிடம் பாடம் கேட்பதில் திருமேனிக்கு வெட்கம் கிடையாது. கொக்கு எண்ணுகிறவர்கள் முன்னால் நிற்பதில்தான் வெட்கம்.

காந்திமதி காலண்டரைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை காலையில வச்சுக்கலாமா? எத்தன பேருக்கு டீ சொல்லட்டும், அண்ணாச்சி?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கம்மா."

"வட வேணுமா, டீ மட்டும் போதுமா?"

அந்த அம்மாவிடம் எப்போதும் இப்படித்தான். தெற்கே போக வழி கேட்டால் வடக்கே கையைக் காட்டுவார்.

*

கடற்கரையை ஒட்டிய அந்த ஆய்வு மன்றத்தில் பதினாறு பேர் இருந்தார்கள். ஒருவர் செய்கிற வேலை மற்றவருக்கு விளங்காது.

பிலோமினா குளம் குளமாகப் போய் நீர்ப்பறவைகளை எண்ணினார். மீரான் உப்புக்காற்றில் கான்கிரீட் எப்போது விரிசல் விடும் என்று காத்துக்கொண்டிருந்தார். ஒருவருக்குத் தாலாட்டு, இன்னொருவருக்கு வாழையில் வரும் பூஞ்சை, வேறொருவருக்குக் குழந்தைகளின் பல் சொத்தை. மத்தியானச் சாப்பாட்டில் இவர்கள் பேச்சைக் கேட்டால், சந்தைக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும்.

கல்வெட்டுக்காரர்கள் அங்கே இரண்டே பேர். ஒருவர் திருமேனி. மற்றவர் அவருடைய ஆசிரியை.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வை முடித்தவர், அதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகுமுன் எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்ட வேண்டும். கேட்பவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அதே துறையைச் சேர்ந்தவர் மட்டும் வாய் திறக்கக் கூடாது.

திருமேனிக்கு இந்த வழக்கம் வேப்பங்காய்.

"என் துறைக்காரங்க நாலு பேரக் கூப்பிட்டு வைங்கம்மா. அவங்க முன்னாடி சொல்லுதேன்."

"அவங்க வந்தா?"

"புரிஞ்சுக்குவாங்க."

"எனக்கு அதான் பயமா இருக்கு" என்றார் காந்திமதி.

*

திருமேனியின் அவசரத்திலும் நியாயம் இருந்தது.

வருகிற முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலும் பதிவு ரத்து. ஒன்பது வருட உழைப்பும் கோவிந்தா.

ஒன்பது வருடம் என்றால் சும்மா இல்லை. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டே, சனி ஞாயிறுகளில் கோயில் கோயிலாக ஏறி இறங்கியிருக்கிறார். பெரிய மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட ஒரு மதில் சுவரைப் பார்க்கப் போய்விட்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்தபிறகு வந்து சேர்ந்த மனுஷன் அவர். வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

அவருடைய முடிவு இதுதான். ஒரு பழைய நாடு. முந்நூறு வருடம் நிலைத்திருந்து, கடைசியில் ஊர் ஊராகக் காலியானது. ஏன்? பஞ்சம். முதல் நூறு வருடத்தில் பஞ்சத்தைப் பேசும் கல்வெட்டுகள் ஒன்பது. கடைசி நூறு வருடத்தில் அறுபத்து மூன்று. பஞ்சம் ஏழு மடங்கு பெருகியது, சனம் ஊரை விட்டுக் கிளம்பியது.

அழகான முடிவு. காந்திமதி போன வாரமே படித்துவிட்டு, வழிகாட்டி என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

*

வியாழக்கிழமை வந்தது. டீயும் வந்தது, வடையும் வந்தது.

திருமேனி நன்றாகவே பேசினார். முப்பது வருடம் பிள்ளைகள் முன்னால் நின்ற குரல். கரும்பலகையில் ஒன்பது என்று எழுதி, பக்கத்தில் அறுபத்து மூன்று என்று எழுதி, இரண்டுக்கும் நடுவே மேல்நோக்கி ஒரு கோடு இழுத்தார். தாலாட்டுக்காரர்கூடத் தலையாட்டினார்.

"கேள்வி இருந்தா கேக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

பிலோமினா கையைத் தூக்கினார்.

"சார், எனக்குக் கல்வெட்டு ஒண்ணும் தெரியாது."

"பரவாயில்லம்மா."

"அந்த முதல் நூறு வருஷத்துல, பஞ்சம் பேசாத கல்லு எத்தன சார்?"

திருமேனிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் இல்லை.

"பஞ்சம் பேசாத கல்ல நான் எதுக்கும்மா எண்ணணும்? என் தலைப்பே பஞ்சம்."

"சரி சார்" என்று உட்காரப் போன பிலோமினா, உட்காராமல் நின்றார். "ஒரு வருஷம் நான் நாலு குளத்துக்குப் போனேன். இருநூறு கொக்கு. மறு வருஷம் ஜீப் கிடைச்சுது. நாப்பது குளத்துக்குப் போனேன். எண்ணூறு கொக்கு. கொக்கு பெருகிட்டுன்னு எழுதலாமா சார்?"

"எழுதக் கூடாது. குளத்துக்கு ஐம்பது இருந்தது இருபதா ஆயிட்டே. கொறைஞ்சுல்ல போச்சு?"

வாத்தியார் அல்லவா, கணக்கு சட்டென்று வந்துவிட்டது.

"ஆமா சார்" என்றார் பிலோமினா.

யாரோ டீ டம்ளரைக் கீழே வைத்தார்கள். திருமேனி தன் ஆசிரியையைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று கெஞ்சுகிற பார்வை. வழக்கம் வழக்கம்தான். காந்திமதி வடையைப் பிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

*

கூட்டம் கலைந்ததும் திருமேனி ஆசிரியையின் அறைக்குள் நுழைந்தார். முகம் சிவந்திருந்தது.

"கல்லும் கொக்கும் ஒண்ணாம்மா?"

"இல்ல."

"கொக்கு பறக்கும். கல்லு இருந்த இடத்துல இருக்கும்."

"ஆமா."

"அப்போ அந்தப் பொண்ணு கேட்டது தப்புத்தானே?"

"எண்ணிப் பாத்துட்டுத் தப்புன்னு சொல்லிருங்க. பாவம், அதும் தெரிஞ்சுக்கட்டும்."

கோபத்தோடுதான் எண்ண ஆரம்பித்தார். பஞ்சம் பேசாத கற்களை அவர் ஒன்பது வருடமாகத் தாண்டித் தாண்டிப் போயிருந்தார். கோயில் விளக்கு நெய்க்கு ஆடு கொடுத்தவர் கல், நந்தவனம் வைத்தவர் கல், எல்லைத் தகராறு தீர்த்தவர் கல். அத்தனையையும் தாளில் படியெடுத்த தொகுதிகள் மன்றத்து நூலகத்திலேயே இருந்தன. அவர் அந்தப் பக்கங்களைப் புரட்டியதே இல்லை.

நான்கு நாள் ஆயிற்று.

*

ஐந்தாம் நாள் காலை ஒரு துண்டுத்தாளோடு வந்து நின்றார்.

"முதல் நூறு வருஷத்துல மொத்தமே முப்பது கல்லும்மா. அதுல ஒம்பது பஞ்சம்."

"கடைசி நூறு வருஷத்துல?"

"அறுநூத்து முப்பது. அதுல அறுபத்து மூணு."

திருமேனி தாளைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"முன்னாடி பத்துக் கல்லுக்கு மூணு பஞ்சம் பேசுச்சு. கடைசியில பத்துக்கு ஒண்ணுதான். கல்லு வெட்டுத பழக்கம் பெருகியிருக்கும்மா. பஞ்சம் பெருகுச்சுன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல."

தாளை மேசையில் வைத்தார். அழுகை வரும்போல இருந்தது. ஐம்பத்தொரு வயதில் ஆசிரியை முன்னால் அழுவது எப்படி என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பாமலே வேறு குரலில் பேசினார்.

"தேர்வாளருங்க ரெண்டு பேருமே கல்வெட்டுக்காரங்க. இத அவங்க கேக்க மாட்டாங்கம்மா."

"மாட்டாங்க."

"இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

"ஆமா."

காந்திமதி அலமாரியைத் திறந்து அந்த ஆய்வேட்டை எடுத்தார். கையெழுத்து இருந்த பக்கத்தைப் பிரித்து அவர் பக்கம் தள்ளினார்.

"இது தயாரா இருக்கு. எடுத்துட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

திருமேனி அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். 'முழுமையாகப் படித்துச் சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே, தெளிவாக, அவசரமில்லாமல் போட்ட கையெழுத்து. திடீரென்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அம்மா, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா? எனக்குப் பாடம் புகட்டணும்னு சும்மா இருந்தீங்களா?"

"நாலு தடவ படிச்சேன், அண்ணாச்சி."

"நாலு தடவையா?"

"நாலு தடவையும் எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு."

இந்தத் தெற்குச் சீமையில் கல்வெட்டு என்றால் முதலில் சொல்லப்படுகிற பெயர் காந்திமதியுடையது. உடைந்த கல்லில் பாதி எழுத்தை வைத்து மீதியைச் சொல்லிவிடுகிற ஆள். அவர் அதைச் சொன்னபோது முகத்தில் கூச்சமோ வருத்தமோ இல்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

திருமேனி மேசையில் இருந்து துண்டுத்தாளை எடுத்துக்கொண்டார். ஆய்வேடு இருந்த இடத்திலேயே இருந்தது.

*

பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மன்றத்து நூலகத்திலேயே குடியேறிவிட்டார். முதல் மூன்று அத்தியாயங்களில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. மீதி இரண்டையும் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினார். பஞ்சம்தான் காரணம் என்று இதுவரை தானும் துறைக்காரர்களும் சொல்லிவந்தது ஏன் நிற்காது என்று ஒரு அத்தியாயம். கடைசி அத்தியாயத்தின் முதல் வரி: 'ஊர்கள் ஏன் காலியாயின என்பது எனக்குத் தெரியவில்லை.' இத்தனை வருடத்தில் இவ்வளவு தைரியமாக ஒரு வரி அவர் எழுதியதில்லை. எழுதிவிட்டு வெளியே போய், அரை டம்ளர் அதிகமாகவே டீ குடித்தார்.

பிலோமினா தினமும் சாயங்காலம் குளத்திலிருந்து நேரே வந்துவிடுவார். சேற்றுக் காலோடு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக எந்த நூற்றாண்டு என்று சரிபார்த்துக் கொடுப்பார். முதல் நாள் தட்டுத் தடுமாறினார். நாலாம் நாள் எந்த மன்னன் காலம் என்று திருமேனிக்கு முந்திச் சொன்னார்.

*

முப்பதாம் தேதி காலை ஒன்பதரை மணி. பல்கலைக்கழகம் போகிற பஸ் பதினோரு மணிக்கு.

காந்திமதி புதிய ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் சந்தோஷம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"நல்லா வந்திருக்கு, அண்ணாச்சி. பழசு இது பக்கத்துல நிக்காது."

"கொறை ஏதும் இருக்காம்மா?"

"எனக்கு ஒண்ணும் தெரியல."

"எனக்கும் தெரியல" என்றார் திருமேனி.

காந்திமதி பேனாவின் மூடியைத் திறந்து, தன் பெயர் இருந்த இடத்துக்குக் கொண்டுபோனார்.

திருமேனி சட்டென்று அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"பொறுங்கம்மா."

"பஸ்ஸு போயிரும்."

"ஒன்றரை மணி நேரம் இருக்கு."

ஆய்வேட்டை வாரி எடுத்துக்கொண்டு வெளியே போனார். வராண்டாவில் பிலோமினா உட்கார்ந்து ஷூவில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"நான் வேணா படிக்கட்டுமா சார்?"

"நீ வேண்டாம்மா. நீ இப்போ பாதி கல்வெட்டுக்காரி. லாயக்குப்பட மாட்ட."

கொல்லைப் பக்கம் தகரக் கொட்டகையில் மீரான் கான்கிரீட் கட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். முழங்கை வரை சிமென்ட். திருமேனி நாலாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தைப் பிரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

மீரான் படித்தார். தலையைச் சொறிய முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டார். மறுபடியும் படித்தார்.

"ஒரு மண்ணும் வெளங்கலையே, அண்ணாச்சி."

"நல்லதாப் போச்சு" என்று திருமேனி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க."