வாயை மூடிச் சிரி

தூத்துக்குடியில் நஸ்ரீன் என்று ஒருத்தி ஸ்டுடியோ வைத்திருந்தாள். குழந்தைகளைப் படம் எடுப்பதில் பேர் வாங்கியவள். தங்கள் பிள்ளைகளைத் தாங்களே நன்றாகப் படம் எடுக்க விரும்பும் பெற்றோருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு எடுத்தாள். பொறுமை அவளுக்குக் கொஞ்சம் குறைவு. பிள்ளைகளிடம் அல்ல, பெற்றோரிடம்.

அந்த வகுப்பில் அருளப்பன் சேர்ந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். அவளைவிடப் பத்து வயது மூத்தவன். மனைவி லீமா குவைத்தில் நர்ஸ். ஆறு வயது மகள் செலின் அப்பாவோடு இருந்தாள். வீடியோவில் அம்மாவைப் பார்த்தால் செலின் அழுவாள். அதனால் போனில் குரல் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். லீமா கேட்டது ஒன்றுதான்: தினமும் பிள்ளையின் படம் ஒன்று. அருளப்பன் ஒரு நாளும் தவறியதில்லை.

ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவன் மட்டும் நின்றான். முகம் கறுத்திருந்தது.

"லீமா என்கூடப் பேச மாட்டேங்கிறா மேடம்."

"ஏன்?"

"செலினுக்கு முன்பல் ரெண்டும் விழுந்துருச்சு. நேத்து போன்ல, 'அவ பேச்சுல ஏன் காத்து போகுது'ன்னு லீமா கேட்டா. சொன்னேன். 'தினமும் படம் அனுப்புறீங்க, பிள்ளைக்குப் பல்லு விழுந்தது எனக்குத் தெரியலையே'ன்னு போனை வச்சுட்டா."

நஸ்ரீன் கை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான். அவள் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு பச்சைச் சுவர். அதன் முன்னால் தலை வாரிய செலின். சட்டை மட்டும் மாறியது. எல்லாவற்றிலும் உதடு ஒட்டியிருந்தது.

"பாஸ்போர்ட் ஆபீசுக்கா அனுப்புறீங்க?"

"வாயை மூடிச் சிரின்னு நான்தான் சொன்னேன். பொக்கை தெரிஞ்சா நல்லா இருக்காதுல்ல? பிள்ளையை நல்லா வச்சிருக்கேன்னு லீமாவுக்குத் தெரிய வேண்டாமா?"

நஸ்ரீன் மேசைமேல் இருந்த கேமராவை எடுத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"சிரிங்க சார்."

"மேடம், நான் என்ன நிலைமையில இருக்கேன்..."

"சிரிங்க. தலையை நிமித்துங்க. கை ஆடக் கூடாது. ம், சிரிங்க."

"இப்படி நிக்க வச்சு அதட்டினா எப்படி மேடம் சிரிப்பு வரும்?"

அவள் கேமராவை இறக்கினாள்.

"வீட்டுக்குப் போய் அவ உயரத்துக்குத் தரையில உட்காருங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, வெளிச்சம் வரட்டும். அவளைக் கூப்பிடாதீங்க. அவ்வளவுதான்."

அடுத்த ஞாயிறு அவன் இன்னும் எரிச்சலோடு வந்தான்.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் மேடம். ஒண்ணும் உருப்படலை. நான் தரையில உட்கார்ந்தாலே அவ ஓடிப்போய் சீப்பை எடுத்துட்டு வந்து சுவத்துல ஒட்டி நிக்கிறா. 'வேண்டாம், நீ பாட்டுக்கு விளையாடு'ன்னேன். 'விளையாடுற மாதிரி நிக்கணுமாப்பா'ங்கிறா."

நஸ்ரீன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"அவளுக்குத் தெரியாம எடுத்தது ஒண்ணுகூட இல்லையா?"

"இருந்துச்சு. எல்லாம் மோசம். அப்பப்பவே அழிச்சிட்டேன்."

"யா அல்லாஹ்."

அழித்த படங்கள் கொஞ்ச நாள் போனிலேயே ஒரு மூலையில் கிடக்கும். நஸ்ரீன் அதைத் திறந்தாள். கலங்கலாக ஓடும் செலின். ஒரு காலில் மட்டும் ஷூவோடு சோபாவில் தூங்கும் செலின். பல் போன இடத்தில் நாக்கைத் துருத்திக் கண்ணாடி பார்க்கும் செலின்.

"இதை ஏன் அழிச்சீங்க?"

"ஆடிப்போயிருக்கு மேடம்."

"இது?"

"பின்னாடி வீடு குப்பையாத் தெரியுது."

"இது?"

அதில் பீரோ திறந்திருந்தது. செலின் அம்மாவின் சேலையை மடியில் குவித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் நனைந்திருந்தது.

அருளப்பன் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

"அழுதுட்டு இருக்கா."

"எதுக்கு?"

"சேலையில இருந்த அம்மா வாசனை போயிருச்சாம். அங்க தனியாக் கிடக்கிறவளுக்கு இதை எப்படி மேடம் அனுப்புவேன்?"

"அவ அழுதப்போ நீங்க என்ன செஞ்சீங்க?"

"படம் எடுத்தேன்."

"அப்புறம்?"

"சரியா வரலைன்னு அழிச்சேன்."

சொல்லிவிட்டு அவன் நின்றான். அழித்த படங்களை எல்லாம் நஸ்ரீன் ஒவ்வொன்றாக மீட்டு, போனை அவன் கையில் வைத்தாள்.

"அனுப்புறது உங்க இஷ்டம். உங்களுக்கு இன்னைக்கு வகுப்பு இல்லை. வீட்டுக்குப் போங்க சார்."

அவன் ஸ்டுடியோ வாசலில் பைக்கில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் அனுப்பினான். பதில் இல்லை. மாலையில் லீமா கூப்பிட்டாள், வீடியோவில். அம்மாவும் மகளும் அழுதார்கள். அழுது முடித்ததும் லீமா வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். செலின் போனுக்குள் விழுந்துவிடுவதுபோல் வாயைப் பிளந்தாள். "முளைக்கிற பல்லு நுனி தெரியுதும்மா, பாரு, பாரு" என்றாள். இணைப்பைத் துண்டிக்கும் முன் லீமா அருளப்பனிடம் சொன்னாள்: "இப்பதாங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

அதற்கடுத்த ஞாயிறு அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"இந்த வாரப் படங்கள் எங்கே?" என்றாள் நஸ்ரீன்.

"எடுக்கலை மேடம்."

"ஒண்ணுகூடவா?"

"பட்டம் விடக் கத்துக்கொடுன்னு பிடிச்சுக்கிட்டா. தினமும் சாயங்காலம் கடற்கரைதான். ரெண்டு கையும் நூல்லயே இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் அவ அம்மாகிட்ட வீடியோவுல எல்லாத்தையும் கத்திக் கத்திச் சொல்றா. எடுக்கணும்கிற ஞாபகமே எனக்கு வரலை." அவன் தலையைச் சொறிந்தான். "ஒரு வாரம் வீணாப் போச்சு. கோபப்படாதீங்க மேடம்."

நஸ்ரீன் ஒரு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க சார். இனிமே கேமராவைப் பத்திப் பேசலாம்."