ஒன்பதாவது பட்டத்தில் நின்ற மூச்சு

முன்னொரு காலத்தில், ஊர் பேர் நமக்கெதற்கு, ஒரு நாட்டை மகுடவர்மன் என்ற மகாராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். பட்டப்பெயர் என்றால் மட்டும் கொள்ளை ஆசை. போருக்கு ஒன்று, குளம் வெட்டியதற்கு ஒன்று என்று பதினாறு பட்டங்கள் சேர்த்துவிட்டார். நன்றாகத் தூங்கியதற்கு மட்டும்தான் பட்டம் இல்லை.

அவர் சபையில் ஒரு வழக்கம். யார் பிராது சொல்ல எழுந்தாலும், முதலில் பதினாறு பட்டங்களையும் ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் ராஜநிந்தனை. தண்டனை நாடு கடத்தல். எல்லோருக்கும் அவ்வளவு மூச்சு ஏது? அதனால் கட்டியக்காரர் மாசிலாமணி எல்லோருக்காகவும் சொல்லிவிடுவார். முப்பது வருஷமாக ஒரு பட்டம்கூட அவர் வாயில் இடறியதில்லை.

ஒருநாள் மகாராஜாவுக்கு விபரீத ஆசை வந்தது. "மேகத்துக்கு மேலே சபை கூட்டுவோம். நம் பட்டங்கள் தேவர்கள் காதிலும் விழட்டும்!" என்றார். அரசன் சொன்னால் மறுபேச்சு உண்டா? சபை மொத்தமும் ஆறு நாள் மலை ஏறியது.

விகடகவி குப்பாண்டியும் ஏறினான். சும்மா இருக்காத அவன் வாய்க்கே நாலாம் நாள் பேச்சு குறைந்துபோனது. முன்னால் சுமை தூக்கிப் போன மலையாட்களைக் கவனித்தான். மூன்று சொல் பேசினார்கள், நின்று மூச்சு வாங்கினார்கள், மறுபடி மூன்று சொல் பேசினார்கள். குப்பாண்டி அதை மனசில் முடிந்துகொண்டான்.

உச்சியில் சபை கூடியது. மாசிலாமணி நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து ஆரம்பித்தார். மணி போல ஒலிக்கும் குரல் அன்று பஞ்சுக்குள்ளிருந்து வந்தது. ஒன்பதாவது பட்டத்தில் மூச்சு நின்றது. பாவம், மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரதானி நஞ்சுண்டர் துள்ளி எழுந்தார். கட்டியக்காரர் பதவி தம் மைத்துனனுக்கு வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தவர் அவர். குப்பாண்டியைக் கண்டாலும் ஆகாது.

"ராஜநிந்தனை! மகாராஜா, இவரை நாடு கடத்துங்கள்!"

"பிரதானியாரே, பொறுங்கள்" என்று குப்பாண்டி முன்னால் வந்தான். "பட்டம் சொல்லாமல் பிராது சொல்லலாமா? மற்ற நாளில் உங்களுக்காக மாசிலாமணி சொல்லிவிடுவார். இன்று அவர்தானே குற்றவாளி? தாங்களே சொல்ல வேண்டியதுதான்."

மகாராஜா தலையை ஆட்டினார். "நியாயம். ஆனால் குப்பாண்டி, பிரதானி சொல்லி முடித்துவிட்டால் மாசிலாமணியோடு நீயும் மூட்டை கட்ட வேண்டியிருக்கும்."

"கட்டியே வைத்திருக்கிறேன், மகாராஜா."

நஞ்சுண்டர் மீசையை முறுக்கினார். அவர் அதட்டினால் லாயத்துக் குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். "சூரியன் கண்கூசும் சுடர்முடியே, ஏழுகடல் அடிபணியும் எழிலரசே..." என்று முழங்கினார். மூன்றாவதில் குரல் இளைத்தது. நாலாவது கீச்சென்று வந்தது. ஐந்தாவதற்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சேச்சே, பதினாறு பட்டம் ஒரு பாரமா? நம் பட்டங்கள், நாமே சொல்கிறோம்!" என்று மகாராஜா எழுந்தார். ஆறாவதில் சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். சபையில் யாரும் மூச்சு விடவில்லை. விடுவதற்கு அங்கே அதிகம் மூச்சும் இல்லை.

குப்பாண்டி கைகூப்பினான். "மகாராஜா, ராஜநிந்தனை செய்தவர்கள் இப்போது மூவர். பிரதானியார் நாலில் விட்டார், தாங்கள் ஆறில் விட்டீர்கள், மாசிலாமணி ஒன்பதில் விட்டார். வழக்கப்படி மூவரும் நாட்டை விட்டுப் போக வேண்டும். தங்களை எந்த எல்லையில் கொண்டுபோய் விடுவது? உத்தரவு தாங்களே தர வேண்டும்."

மகாராஜா அவனை முறைத்தார். பிறகு உதடு துடித்தது. "ஹா..." என்று சிரிப்பு கிளம்பியது, பாதியிலேயே நின்றுவிட்டது.

"என்னடா மாயம் இது?"

"மாயமில்லை, மகாராஜா. குரலுக்குத் தீனி காற்று. இங்கே காற்று மெலிந்து கிடக்கிறது. மெலிந்த மாடு ஏர் இழுக்குமா? பாதிப் பேச்சிலேயே உடம்பு அடுத்த மூச்சுக்குப் பறக்கிறது. மலையாட்கள் மூன்று சொல்லில் நிறுத்துவது இதனால்தான். இந்த இடத்திலும் ஒன்பது பட்டம் சொன்ன மனுஷர் மாசிலாமணி ஒருவர்தான்."

மகாராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். "இனி மூச்சு விட்டுவிட்டே பட்டம் சொல்லலாம். மலைமேல் 'மகாராஜா' என்ற ஒன்றே போதும்" என்று உத்தரவிட்டார். "குப்பாண்டி, உனக்கு என்ன வேண்டும்?"

"பிரதானியாரின் பல்லக்கு, மகாராஜா. அடிவாரம் வரைக்கும்."

இறங்கும்போது குப்பாண்டி பல்லக்கில் வந்தான். நஞ்சுண்டர் பக்கத்தில் நடந்து வந்தார். மாசிலாமணிக்கோ கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு வளைவிலும் குரலைச் சோதித்துப் பார்த்தார். பத்து வந்தது, பன்னிரண்டு வந்தது. அடிவாரத்து ஆலமரத்தடியில் பதினாறும் ஒரே மூச்சில் மணியாய் முழங்கின. அதைக் கேட்டதும், மலைமேல் பாதியில் விட்ட சிரிப்பை மகாராஜா அங்கே முழுசாய்ச் சிரித்து முடித்தார்.